இரண்டு கவிதைகளிடம் ஒரே கேள்வி: ஜி.சி.எஸ்.இ 'பவர் அண்ட் கான்ஃப்ளிக்ட்' கவிதை ஒப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பதினாறு வயதில் பிள்ளைகள் எழுதும் ஜி.சி.எஸ்.இ ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு, ஏ.க்யூ.ஏ தேர்வு வாரியத்தின் 'பவர் அண்ட் கான்ஃப்ளிக்ட்' என்ற கவிதைத் தொகுப்பைப் பல பள்ளிகள் எடுத்துப் படிப்பிக்கின்றன. அதிகாரமும் மோதலும் பற்றிய 15 கவிதைகள். லண்டனில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளும், வகுப்பு முடிந்து அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதால்தான் தமிழில் எழுதுகிறேன்.

தேர்வில் சரியாக என்ன கேட்பார்கள்?

ஆங்கில இலக்கியத்துக்கு இரண்டு தாள்கள். இந்தக் கவிதைகள் வருவது இரண்டாம் தாளில். 2 மணி 15 நிமிடம், 96 மதிப்பெண். நவீன நாடகம் அல்லது நாவலுக்கு 34, நம்முடைய தொகுப்புக் கவிதைகளுக்கு 30, முன்பின் பார்த்திராத கவிதைகளுக்கு 32. புத்தகம் கொண்டுபோக முடியாது. 15 கவிதைகளில் ஒன்றை மட்டும் வினாத்தாளில் முழுதாக அச்சிட்டுத் தருவார்கள். அதையும், பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் இன்னொரு கவிதையையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது கவிதை நினைவிலிருந்துதான் வர வேண்டும்.

அந்த 30 மதிப்பெண்ணில் 12 கவிதையைப் புரிந்துகொண்டு ஆதாரத்தோடு வாதிடுவதற்கு. இன்னொரு 12 கவிஞரின் சொல், வடிவம், அமைப்பு ஆகியவை என்ன செய்கின்றன என்று காட்டுவதற்கு. மீதி 6 பின்னணிக்கு. எழுத்துப்பிழைக்கென்று இந்தப் பிரிவில் தனி மதிப்பெண் இல்லை. இந்தத் தாளில் அது நாடகம், நாவல் பிரிவில்தான் உண்டு. எழுத்துக்கூட்டல் தகராறுள்ள பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் கொஞ்சம் தைரியமாக எழுதும்.

ஒப்பிடுவது என்றால் முதலில் ஒரு கவிதை, அப்புறம் மற்றது என்று எழுதினால் போதாதா?

நான் திருத்தும் விடைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கின்றன. முதல் பக்கம் ஒரு கவிதை, இரண்டாம் பக்கம் மற்றது, கடைசியில் 'இரண்டுமே அதிகாரத்தைக் காட்டுகின்றன' என்று ஒரு வரி. நடுவில் 'சிமிலர்லி' (அதேபோல), 'வேர்ஆஸ்' (மாறாக) என்ற சொற்களைத் தூவியிருப்பார்கள். அந்தச் சொற்களைப் போட்டதும் ஒப்பிட்டாகிவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பவை ஒரே தாளில் எழுதிய இரண்டு தனிக் கட்டுரைகள்.

ஒரு வக்கீல் இரண்டு சாட்சிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார். அவருக்கு வேண்டியது பதில்கள் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பது. நம் வேலையும் அதுதான். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். 'அதிகாரத்தைப் பற்றி என்ன சொல்கிறது?' என்று கேட்டால் எல்லாக் கவிதையும் ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும். 'பேசுவது யார்?', 'விலை கொடுப்பது யார்?', 'கடைசி வரியில் மிஞ்சி நிற்பது எது?' என்று கேட்டுப் பாருங்கள். கவிதைகள் உடனே பிரிந்து நிற்கும். ஒற்றுமையைச் சொல்லி ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் அது வாசல்தான். மதிப்பெண் இருப்பது, ஒன்றுபோலத் தெரிந்த இரண்டும் பிரியும் இடத்தில்.

ஒரு ஜோடியை வைத்து முழுதாகக் காட்ட முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த ஜோடியையே எடுக்கிறேன். ஷெல்லியின் 'ஓசிமாண்டியஸ்', 1818. ராபர்ட் பிரௌனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்', 1842.

ஓசிமாண்டியஸ் என்பது எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் கிரேக்கப் பெயர். பாலைவனத்தில் உடம்பில்லாமல் நிற்கும் இரண்டு பெரிய கல் கால்கள், பக்கத்தில் மணலில் பாதி புதைந்த முகம், பீடத்தில் 'என் சாதனைகளைப் பார்த்து நம்பிக்கை இழந்துவிடுங்கள்' என்று அதட்டும் வாசகம். சுற்றிலும் மணல். மற்றக் கவிதையில் இத்தாலியின் ஃபெராராவை ஆளும் ஒரு பிரபு. தன் வீட்டுக்கு வந்தவரிடம், சுவரில் இருக்கும் மனைவியின் ஓவியத்தைத் திரை விலக்கிக் காட்டுகிறான். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள், தன் 900 ஆண்டுப் பழைய குடும்பப் பெயரை மற்றவர்கள் கொடுத்த சின்னப் பரிசுகளுக்குச் சமமாக வைத்தாள் என்று குறை சொல்கிறான். 'நான் கட்டளை கொடுத்தேன், சிரிப்பெல்லாம் ஒரேயடியாக நின்றது' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்குச் சீதனம் பேசுகிறான். வந்திருப்பவர் பெண் வீட்டுத் தூதர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஆணவக்கார ஆட்சியாளரைப் பற்றியவை. நிறைய விடைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. சரி, ஒரு சின்னக் கேள்வி கேட்போம்: கலை யார் கையில் இருக்கிறது?

ஷெல்லியின் சிற்பி மன்னனின் மனதை நன்றாகப் படித்தவன். அந்த ஏளனச் சிரிப்பை, ஷெல்லி 'ஸ்னியர் ஆஃப் கோல்ட் கமாண்ட்' என்று சொல்லும் அந்த முகபாவத்தை, அப்படியே கல்லில் வைத்துவிட்டான். மன்னன் அதைப் புகழ்ச்சி என்று நினைத்திருப்பான். இன்றைக்கு மன்னனும் இல்லை, அரசும் இல்லை. சிற்பி கண்டுபிடித்த உண்மை மட்டும் மணலில் கிடக்கிறது. இங்கே கலை அதிகாரத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

பிரௌனிங்கில் நிலைமை தலைகீழ். ஓவியத்தின் முன்னால் ஒரு திரை. அதை விலக்கும் உரிமை பிரபுவுக்கு மட்டுமே. உயிரோடு இருந்தபோது அவள் சிரிப்பை அவனால் கட்டுப்படுத்த முடியவில்லை. படமான பிறகு, அவன் திரையை விலக்கினால்தான் அவள் சிரிப்பாள். இங்கே அதிகாரம் கலையையே விழுங்கிவிட்டது.

இப்போது வடிவத்துக்கு வருவோம். 'பேசுவது யார்?' என்று அதே இரண்டு பேரிடமும் கேளுங்கள். ஷெல்லியின் 14 வரிகளில் மன்னனுக்குக் கிடைப்பது இரண்டே வரி. அதுவும் கல்வெட்டில் இருந்ததை ஒரு பயணி படித்து, பயணி சொன்னதைக் கவிதை சொல்லி, மூன்றாம் கை மாறி நம்மிடம் வருகிறது. பிரபுவோ 56 வரியும் தானே பேசுகிறான். எதிரில் நிற்கும் தூதருக்கு ஒரு சொல் கூடக் கிடையாது. அவன் பேச்சு சாதாரணமாக வழிந்தோடுவது போலக் கேட்கும், ஏனென்றால் வாக்கியங்கள் வரி தாண்டி ஓடுகின்றன. ஆனால் அடியில் இரண்டிரண்டு வரியாகக் கடைசி ஒலி கச்சிதமாகப் பொருந்தி விழுந்துகொண்டே இருக்கிறது. மரியாதையான பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் பிடி அது.

இன்னும் ஒரு படி போகலாம். பிரபு உண்மையிலேயே தப்பித்துவிட்டானா? தன் வாயாலேயே கொலையைச் சொல்லிவிடுகிறான். ஷெல்லியின் மன்னனை ஒரு சிற்பி காட்டிக்கொடுத்தான். பிரபுவைக் காட்டிக்கொடுப்பது அவனுடைய நாக்கு. இந்த ஒரு வாக்கியத்தை என் மாணவர்களில் யார் சொந்தமாகக் கண்டுபிடித்தாலும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒற்றுமையில் தொடங்கி, வேற்றுமைக்குப் போய், அந்த வேற்றுமையையும் சந்தேகித்துப் பார்த்தாயிற்று. இதற்கு மேல் ஒப்பீட்டில் ஒன்றும் மர்மமில்லை.

போர்க் கவிதைகளெல்லாம் 'போர் கொடுமையானது' என்றுதானே சொல்கின்றன? அதில் எதை ஒப்பிடுவது?

போர் கொடுமையானது என்பதை எழுதாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அது எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கொடுமை, யாருக்குக் கொடுமை, அதை யார் பார்க்கிறார் என்பதில்தான் கவிதைகள் பிரிகின்றன.

டெனிசனின் 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' 1854இல் கிரிமியப் போரின் பாலக்லாவா சண்டை முடிந்த சில வாரங்களில் வெளிவந்தது. தவறான கட்டளையால் குதிரைப்படை நேராகப் பீரங்கிகளுக்குள் போகிறது. வில்பிரட் ஓவனின் 'எக்ஸ்போஷர்' முதல் உலகப் போரின் பதுங்குகுழிக் குளிர். இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் வரி உண்டு. அந்த வரியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டெனிசனில் அது மாறிக்கொண்டே போகிறது. முதல் மூன்று பத்தியிலும் அறுநூறு பேர் குதிரையில் போனார்கள். நான்காவதில் திரும்பியவர்கள் அந்த அறுநூறு பேர் அல்ல. ஐந்தாவதில் அறுநூறில் மிஞ்சியவர்கள். கடைசியில் உன்னதமான அறுநூறு. சாவு நடந்தாலும் கதை நகர்கிறது, முடிவில் புகழ் வந்து சேர்கிறது. ஓவனில் 'பட் நத்திங் ஹாப்பன்ஸ்', 'ஆனாலும் எதுவும் நடப்பதில்லை' என்ற வரி நான்கு முறை வருகிறது, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கடைசிப் பத்தியில் உறைந்த பிணங்களைப் புதைத்துவிட்டும் அதே வரி. ஒருவருக்குப் போர் ஒரு நிகழ்ச்சி. மற்றவருக்கு அது முடிவில்லாத காத்திருப்பு.

ஒலியைக் கேட்டாலும் அதே பிரிவு தெரியும். டெனிசனின் தாளம் குதிரைக் குளம்பு போல ஓடும். சத்தம் போட்டு வாசித்தால் நிறுத்தவே முடியாது. ஓவன் 'சைலன்ட்', 'சேலியன்ட்' என்று, வரிக் கடைசியில் ஒத்துவருவதுபோல ஆரம்பித்துச் சரியாகப் பொருந்தாமல் போகும் ஒலிகளை வைக்கிறார். நாம் எதிர்பார்த்தது வந்து சேராத அந்த ஏமாற்றம்தான் குழிக்குள் இருந்தவர்களின் ஏமாற்றமும். அப்புறம், டெனிசன் 'அவர்கள்' என்று எழுதுகிறார், ஓவன் 'நாங்கள்' என்று. டெனிசன் அரசவைக் கவிஞர், செய்தித்தாள் படித்து எழுதியவர். ஓவன் அந்தக் குளிரில் கிடந்தவர், போர் நிற்பதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4ஆம் தேதி கொல்லப்பட்டவர். பின்னணியை எழுதச் சரியான இடம் இதுதான், 'அவர்கள்', 'நாங்கள்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே.

இன்னொரு ஜோடியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைமன் ஆர்மிட்டேஜின் 'ரிமெய்ன்ஸ்', கரோல் ஆன் டஃபியின் 'வார் போட்டோகிராஃபர்'. ஒன்றில், கொள்ளையடித்துவிட்டு ஓடிய ஒருவனைச் சுட்டுவிட்டு வீடு திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய். மற்றதில் போர்க்களப் படங்களை இருட்டறையில் கழுவும் புகைப்படக்காரர். கைகளைப் பாருங்கள். சிப்பாயின் கைகளில் இரத்தம், கவிதை அங்கேதான் முடிகிறது. புகைப்படக்காரரின் கைகள் அங்கே நடுங்கவில்லை, இங்கே நடுங்குகின்றன. ஒருவர் செய்ததற்காகக் கலங்குகிறார், மற்றவர் பார்த்துவிட்டு வந்ததற்காக. சிப்பாயின் கதை 'நாங்கள்' என்று கூட்டத்தோடு ஆரம்பித்து, முடியும்போது அவன் மட்டும் தனியாக நிற்கிறான்.

எந்தக் கவிதையோடு எதைச் சேர்ப்பது? பட்டியல் உண்டா?

பட்டியல்கள் நிறைய உண்டு, பயன்படும். 'பேயனெட் சார்ஜ்' வந்தால் 'எக்ஸ்போஷர்', வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி பிரிலூட்' பகுதி வந்தால் ஷேமஸ் ஹீனியின் 'ஸ்டார்ம் ஆன் தி ஐலண்ட்', பிளேக்கின் 'லண்டன்' வந்தால் 'ஓசிமாண்டியஸ்'. ஆனால் ஜோடியை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போகிற பிள்ளை, வினாவின் தலைப்பு மாறினால் திகைத்துப்போகும். 'லண்டன்' வந்திருக்கிறது, ஆனால் கேட்டிருப்பது கோபத்தைப் பற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஷெல்லியின் அமைதியான மணலை விட, தன் மக்களின் வரலாற்றைப் பள்ளிக்கூடம் மறைத்ததைக் கேள்வி கேட்கும் ஜான் அகார்டின் 'செக்கிங் அவுட் மி ஹிஸ்டரி' பொருத்தம்.

எதிர்பாராத ஜோடிகளையும் வீட்டில் முயன்று பாருங்கள். அகார்டின் கவிதையில் மேரி சீகோல் வருகிறார். ஜமைக்காவிலிருந்து கிரிமியப் போருக்குப் போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்த பெண். டெனிசனின் அறுநூறு பேரும் அதே போரில்தான். ஒரே போர், ஒருவர் நினைவில் நிற்கிறார், ஒருவர் பள்ளிக்கூடப் பாடத்தில் மறைந்துபோகிறார். நினைவும் வரலாறும் பற்றிய வினாவுக்கு இது அருமையான சேர்க்கை.

15 கவிதைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். எந்தக் கவிதையும் வினாத்தாளில் வரலாம் என்பதால் 15ஐயும் புரிந்திருக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதுவதற்கு ஐந்தோ ஆறோ நன்றாகக் கையில் இருந்தால் போதும். அவை வேறுவேறு திசையில் இருக்கட்டும்: ஆட்சியதிகாரத்துக்கு ஒன்று, இயற்கைக்கு ஒன்று, போர்க்களத்துக்கு ஒன்று, போருக்குப் பிந்திய மனதுக்கு ஒன்று, அடையாளத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நான்கைந்து சின்னத் தொடர்கள். மூன்று சொல், நான்கு சொல் உள்ளவையே நல்லவை. 'ரிமெய்ன்ஸ்' கவிதையின் 'ப்ராபப்ளி ஆர்ம்ட், பாசிப்ளி நாட்' என்ற நான்கு சொல்லை வைத்து அரைப் பக்கம் எழுதலாம்: சுடப்பட்டவனிடம் ஆயுதம் 'அநேகமாக இருந்தது, ஒருவேளை இல்லை' என்ற அந்தச் சந்தேகம் கவிதையில் இரண்டாம் முறை வரும்போது சிப்பாயின் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வியாகிவிடுகிறது.

மேற்கோள் தேர்வில் மறந்துவிட்டால்?

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தன் சொல்லில் எழுதலாம். 'டெனிசனின் திரும்ப வரும் வரி பத்திக்குப் பத்தி மாறுகிறது' என்பதும் ஆதாரம்தான். பொய்யாக ஒரு வரியை இட்டுக்கட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

பின்னணித் தகவல் எவ்வளவு எழுத வேண்டும்?

மொத்தமே 6 மதிப்பெண் என்பதை நினைவில் வையுங்கள். கவிஞர் எங்கே பிறந்தார், எத்தனை பிள்ளைகள் என்று ஒரு பத்தி எழுதுவதில் பயனில்லை. கவிதையின் ஒரு சொல்லைத் திறக்கும் சாவியாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இதில் அவசரப்பட்டுத் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. 'ஸ்டார்ம் ஆன் தி ஐலண்ட்' என்ற தலைப்பின் முதல் எட்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் 'ஸ்டார்மான்ட்' வரும். அது வட அயர்லாந்தின் நாடாளுமன்றம் இருக்கும் இடம். ஆகவே புயல் என்பது அரசியல் கொந்தளிப்பையும் குறிக்கலாம் என்று பலர் வாசிக்கிறார்கள். நல்ல வாசிப்புதான். ஆனால் பிள்ளைகள் 'இது அங்கே நடந்த முப்பதாண்டு வன்முறையைப் பற்றிய கவிதை' என்று அடித்து எழுதிவிடுகிறார்கள். கவிதை 1966இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. அந்த வன்முறை வெடித்தது 60களின் கடைசியில். 'பதற்றம் முன்கூட்டியே தெரிகிறது என்று வாசிக்கலாம்' என்று எழுதினால் சரியாக இருக்கும்.

கவிதையில் 'நான்' என்று பேசுபவர் கவிஞர்தானே?

பெரும்பாலும் இல்லை. கரோல் ரூமன்ஸ் லண்டனில் பிறந்தவர், 'தி எமிக்ரே' கவிதையில் நாட்டை விட்டு வந்த பெண் அவரல்ல. ஆர்மிட்டேஜ் சிப்பாயாக இருந்ததில்லை. முதல் உலகப் போரைப் பற்றி 'பேயனெட் சார்ஜ்' எழுதிய டெட் ஹியூஸ் 1930இல் பிறந்தவர், அந்தப் போரில் இருந்தது அவருடைய அப்பா. இந்தத் தொகுப்பில் தான் நின்ற போர்முனையைப் பற்றியே எழுதியவர் ஓவன் ஒருவர்தான். 'கவிஞர்' என்பதற்குப் பதிலாக 'பேசுபவர்' என்று எழுதப் பழகினால் பாதிப் பிழை போய்விடும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது?

இந்த விடைக்குச் சுமார் 45 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் எழுதாமல் யோசிக்க வேண்டும். முன்னுரை இரண்டு மூன்று வாக்கியம் போதும், ஆனால் அதில் இரண்டு கவிதையும் எங்கே பிரிகின்றன என்பது வந்துவிட வேண்டும். பிறகு மூன்று கேள்விகள், ஒவ்வொன்றையும் இரண்டு கவிதையிடமும். முடிவுரைக்கு நேரமில்லை என்றால் கவலை வேண்டாம்.

நன்றாக எழுதும் பிள்ளை மிக உயர்ந்த தரமான 9 எடுக்க வேறென்ன செய்ய வேண்டும்?

26 முதல் 30 வரையுள்ள மேல்படியில் எதிர்பார்ப்பது ஆராய்கிற மனம். தன் கருத்தைத் தானே ஒரு முறை உரசிப் பார்ப்பது. டெனிசன் வீரர்களைப் புகழ்கிறார், உண்மைதான். ஆனால் 'யாரோ தவறு செய்துவிட்டார்' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த 'யாரோ' யார்? பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் அரசவைக் கவிஞர் நிற்கிறாரா, அல்லது பெயரைச் சொல்லாமலே குற்றம் சாட்டுகிறாரா? இரண்டையும் வைத்துப் பார்த்து ஒன்றின் பக்கம் சாய்கிற பிள்ளை மேலே போய்விடும். கடினமான சொற்களைப் பொறுக்கிப் போடுவதால் அது வராது.

வினாத்தாளில் 'டிஷ்யூ' வந்துவிட்டால் என்ன செய்வது? அது புரியவே இல்லை.

இம்தியாஸ் தார்க்கரின் இந்தக் கவிதைக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். அதில் கதை இல்லை. காகிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறது: பழைய குர்ஆனின் பின்பக்கத்தில் எழுதிவைத்த பிறப்பு இறப்பு விவரங்கள், வரைபடங்கள், கடைக் கணக்குச் சீட்டுகள், கடைசியில் நம் தோல். வினாத்தாளில் அச்சிட்டே தருவார்கள் என்பதால் மேற்கோள் கவலை இல்லை. 'கடைசி வரியில் மிஞ்சுவது எது?' என்று கேளுங்கள். 'ஓசிமாண்டியஸ்' கல்லை நம்புகிறான், கல் உடைகிறது. தார்க்கர் கிழியக்கூடிய காகிதத்தை நம்புகிறார், வெளிச்சம் அதற்குள் புகுந்து வருகிறது என்பதால். பிள்ளைகள் பயந்த கவிதைதான், ஆனால் கேள்வி கேட்டதும் வாயைத் திறந்துவிட்டது.

எனக்கு ஆங்கிலக் கவிதை வராது. பிள்ளைக்கு நான் எப்படி உதவுவது?

இதைக் கேட்கும் அம்மாக்களிடம் நான் ஜேன் வியரின் 'பாப்பீஸ்' கவிதையைத் தமிழில் சொல்வேன். மகன் புறப்படுகிறான். தாய் அவன் கோட்டில் சிவப்புக் காகிதப் பூவைக் குத்துகிறாள், சட்டைக் காலரை நீவிவிடுகிறாள். ஜெல் போட்டு முள் முள்ளாக நிற்கும் அவன் தலைமுடியைக் கோத வேண்டும் போலிருக்கிறது. கையை அடக்கிக்கொள்கிறாள்.

பிறகு புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டைச் சொல்வேன். அதிலும் ஒரு தாய். கணவன் நேற்றைய போரில் விழுந்துவிட்டான். இன்று பறை கேட்கிறது. இருப்பது ஒரே மகன். 'பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி', பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்துப் 'போ' என்று அனுப்புகிறாள்.

இரண்டு தாயும் மகனின் தலைமுடியைப் பார்க்கிறார்கள். ஒருத்தி தொட்டு அனுப்புகிறாள், ஒருத்தி தொடாமல் நிற்கிறாள். ஏன்? இதைச் சாப்பாட்டு மேசையில் பேசுங்கள். புறநானூற்றைத் தேர்வில் எழுதக் கூடாது, தொகுப்பிலுள்ள இன்னொரு கவிதையோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் ஒப்பிடும் பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் பழக்கம்தான். அடுத்த நாள் அதே பிள்ளை 'பாப்பீஸ்' தாயையும், பியட்ரிஸ் கார்லண்டின் 'காமிகாஸி'யில் தற்கொலைத் தாக்குதலைக் கைவிட்டுத் திரும்பி வந்த விமானியோடு பேச மறுத்துவிடும் மனைவியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்.

நாங்கள் போரிலிருந்து வந்தவர்கள். பிள்ளை அதைத் தன் விடையில் எழுதலாமா?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். வினா கவிதைகளைப் பற்றியது, குடும்பக் கதைக்கு அதில் மதிப்பெண் இல்லை. ஆனால் அது பயன்படாது என்று நினைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். 'தி எமிக்ரே' கவிதையில் பேசுபவள் தன் குழந்தைப் பருவத்துச் சொற்களை உள்ளே வெற்றான ஒரு பொம்மை போல எடுத்துவந்தேன் என்கிறாள். அந்த மொழியை அரசு தடை செய்திருக்கலாம், ஆனாலும் நாக்கை விட்டு அகலவில்லை, அது வெயிலின் ருசியோடு இருக்கிறது என்கிறாள். வகுப்பில் மற்றவர்கள் வெயில் என்ற படிமத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் கேட்ட கேள்வி வேறு: 'அந்த மொழியில் ஒரு சொல்லாவது கவிதையில் இருக்கிறதா?' இல்லை. அந்த மொழியைப் பற்றிய ஏக்கம் முழுவதும் நல்ல ஆங்கிலத்தில் இருக்கிறது. அதே கேள்வியை அகார்டிடமும் கேட்டாள். கயானாவிலிருந்து வந்த அவர் 'டெம் டெல் மி' ('அவர்கள் எனக்குச் சொன்னார்கள்') என்று தன் ஊர்ப் பேச்சிலேயே ஆங்கிலத்தை எழுதுகிறார். தடுக்கப்பட்ட மொழி ஒரு கவிதையில் காதுக்கு எட்டாமலே இருக்கிறது, மற்றதில் வரிக்கு வரி தாளில் ஏறி நிற்கிறது என்று எழுதினாள். விடை முழுவதிலும் யாழ்ப்பாணம் என்ற பெயர் இல்லை.